டிரில்லுக்கு மில் வேடம்

வீட்டு மூலையில் சின்னதாக ஓர் உலோகப் பட்டறை வைக்க ஆசைப்படுகிறவர்களுக்குப் புத்தி சொல்லப் புறப்பட்டுச் சென்ற இதழின் ஆறு பக்கங்களை நிரப்பியிருக்கும் கட்டுரையாளர், பவணந்தி முனிவர் நன்னூலில் எண்ணி வைத்த பத்துக் குற்றங்களில் எத்தனையை ஒரே கட்டுரையில் செய்துவிடலாம் என்று யாரிடமோ பந்தயம் கட்டியிருக்க வேண்டும். இயந்திரத்தின் விறைப்பைப் பற்றி ஒரு வரி இல்லை, அது குன்றக்கூறல். குதிரைத்திறனைப் பக்கத்துக்கு இரண்டு தடவை ஓதுகிறார். அது கூறியது கூறல். முதல் பக்கத்தில் நட்டதை நான்காம் பக்கத்தில் தானே பிடுங்கி எறிகிறார், அது மாறுகொளக்கூறல். ஆனால் அதே பவணந்தியார், பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவதையும் நூலாசிரியனின் வழிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். அந்த மரியாதையை இவருக்கும் செய்துவிடுவோம். அவர் சொல்வதெல்லாம் சரி என்றே வைத்துக்கொண்டு, அவருடைய இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டுப் பார்ப்போம்.

அவர் வாதத்தின் சாரம் இதுதான். கனமான பெஞ்ச் டிரில் ஒன்றை வாங்கு. அதன் மேஜைமேல் இரு திசையிலும் நகரும் கிராஸ் வைஸ் ஒன்றைப் பூட்டு. சக்கில் எண்ட் மில் என்ற கட்டரை மாட்டு. மில்லிங் மெஷின் தயார். தனியாக மில் வாங்குவது கைநிறையச் சம்பளம் வாங்குகிறவர்களின் ஜம்பம். சீனத்து மினி மில்களோ பிளாஸ்டிக் பல்சக்கரம் வைத்த பொம்மைகள். அப்படியும் ஆசை அடங்காதவன் பழைய எச்.எம்.டி. மில் ஒன்றைப் பழைய இரும்பு விலைக்குத் தூக்கி வரட்டும். எதை வாங்கினாலும் குதிரைத்திறனைப் பார்த்து வாங்கு. எல்லாவற்றுக்கும் முத்தாய்ப்பாக ஒரு கேள்வி: பொழுதுபோக்குக்கு இது போதாதா?

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் கட்டுரையின் உயிர் இருக்கிறது. மற்றவையெல்லாம் அதற்குப் போர்த்திய சட்டை. முதலில் சட்டையைக் கழற்றுவோம்.

டிரில்லும் மில்லும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரித்தான் இருக்கின்றன. மேலே மோட்டார், நடுவே சுழலும் ஸ்பிண்டில், கீழே மேஜை. உருவம் ஒத்திருப்பதால் தொழிலும் ஒத்திருக்கும் என்று முடிவு கட்டுவது எந்தத் தர்க்க சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? ஸ்டீபன் மோர்ஸ் 1863இல் காப்புரிமை வாங்கிய முறுக்கு டிரில் பிட்டை ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பாருங்கள். அதற்கு இரண்டு வெட்டு விளிம்புகள், ஒன்றுக்கு ஒன்று எதிரெதிராக. ஒன்று இந்தப் பக்கம் தள்ளினால் மற்றது அந்தப் பக்கம் தள்ளும். பக்கவாட்டு விசை தனக்குத்தானே கழிந்துபோய், மிச்சமாவது அச்சின் வழியே கீழ்நோக்கிய அழுத்தம் மட்டும். பெஞ்ச் டிரில்லின் தூண், ஸ்பிண்டிலை ஏற்றி இறக்கும் குவில், பேரிங், டேப்பர் எல்லாமே இந்த ஒற்றை அழுத்தத்தைத் தாங்குவதற்கென்று அளவெடுத்துத் தைத்தவை. எண்ட் மில்லுக்கோ பிழைப்பே பக்கவாட்டில்தான். ஒரு பக்கம் உலோகம், மறு பக்கம் காற்று. அல்லது முன்னால் உலோகம், பின்னால் வெறுமை. அது தள்ளும் தள்ளலுக்குப் பதில் சொல்ல எதிர் விளிம்பு கிடையாது. இயந்திரத்தின் உடம்புதான் பதில் சொல்ல வேண்டும். உலக்கை வைரம் பாய்ந்த மரம்தான், மேலிருந்து கீழே எத்தனை குத்து வேண்டுமானாலும் குத்தும். அதற்காக அதை வைத்துப் படகு வலிக்கலாம் என்று யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

இது வெறும் வாய்வீச்சு என்று அவர் சொல்லக்கூடும் என்பதால் கணக்கையே போட்டுவிடுகிறேன். கணக்கு என்றதும் அவர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். வாசகர் புரட்டமாட்டார் என்று எனக்குத் தெரியும். 10 மி.மீ. எண்ட் மில், நான்கு பல், சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) இரும்பு, வெட்டு ஆழம் 1 மி.மீ., முழு அகலக் காடி, ஊட்டம் நிமிடத்துக்கு 100 மி.மீ. ஒரு வீட்டுப் பட்டறைக்காரர் கூச்சமில்லாமல் கேட்கக்கூடிய வேலை. ஹை ஸ்பீட் ஸ்டீல் கட்டருக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் என்று வைத்தால், சுற்று ஏறக்குறைய 800. நிமிடத்துக்கு 1000 கன மில்லிமீட்டர் உலோகம் சுரண்டி எடுக்கப்படுகிறது. எம்.எஸ்.ஸில் ஒரு கன மில்லிமீட்டரை வெட்டி எடுக்கச் சுமார் 3 ஜூல் என்று தாராளமாகவே வைத்தாலும், கட்டர் முனையில் தேவைப்படும் திறன் 50 வாட். ஆமாம், ஐம்பதுதான். ஒரு சாதாரண சீலிங் ஃபேன் இதைவிட அதிகம் சாப்பிடும். அந்த 50 வாட்டை அந்த வெட்டு வேகத்தால் வகுத்தால் கிடைப்பது சராசரியாக 120 நியூட்டன், அதாவது 12 கிலோ எடைக்குச் சமமான பக்கவாட்டுத் தள்ளல். அதுவும் சீராக அல்ல. நான்கு பற்களும் மாறிமாறிக் கடிப்பதால் நொடிக்கு ஐம்பத்துச் சொச்சம் தடவை ஏறி இறங்கும் தள்ளல்.

இப்போது அவர் சிபாரிசு செய்யும் டிரில்லின் தூணுக்கு வருவோம். 60 மி.மீ. வெளிவிட்டம், 5 மி.மீ. சுவர் உள்ள எஃகுக் குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடித்தட்டு மலைபோல் அசையாதது என்றும் சலுகை கொடுத்துவிடுவோம். 400 மி.மீ. உயரத்தில் உள்ள தலையை 12 கிலோ விசையோடு பக்கவாட்டில் தள்ளினால், குழாய் மட்டுமே 0.04 மி.மீ. வளைகிறது. மேலே சொன்ன வெட்டில் ஒரு பல் ஒரு தடவை கடிக்கும் தடிமன் எவ்வளவு தெரியுமா? 0.03 மி.மீ. கடிக்கிற கடியைவிடத் தாடை அதிகம் விலகுகிறது! கட்டர் தலைக்குக் கீழே இருப்பதால் இந்த வளைவு முழுசும் முனைக்கு வந்து சேராது என்று யாராவது விவரம் தெரிந்தவர் குறுக்கிட்டால், அவருக்கு என் வணக்கம். அவர் சொல்வது சரி. ஆனால் குறைந்ததை ஈடுகட்டக் குவில் ஆட்டம் இருக்கிறது, தூணை அணைத்துக்கொண்டு ஒற்றைக் கையில் தொங்கும் மேஜை இருக்கிறது, அந்த மேஜைமேல் அவர் பூட்டச் சொல்லும் கிராஸ் வைஸின் நகரும் தளங்களை இறுக்கிப் பிடிக்க வேண்டிய, ஆனால் தளர்ந்த ஜிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு மொய் எழுதும். விளைவு, வெட்டு என்ற பெயரில் ஓர் அதிர்வுக் கச்சேரி. காடியின் சுவரில் மீன் செதில் செதிலாக வரிகள். கூடவே பல் உடைந்த கட்டர்.

விறைப்பு என்ற ஒரு சொல்லை ஆறு பக்கத்தில் எங்கும் எழுதாமல் இயந்திரம் தேர்வதைப் பற்றி ஒருவர் கட்டுரை எழுத முடியும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. தூணின் விட்டம் கூடினால் விறைப்பு நான்காம் படியில் கூடும்: 60 மி.மீ. தூணை 80 ஆக்கினால், சுவரும் அதே விகிதத்தில் தடித்தால், மூன்று மடங்குக்கு மேல். நீட்டம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு. விளம்பரத் தாளில் அச்சிடாத இந்த இரண்டு விதிகள்தான் ஒரு சின்ன இயந்திரத்தின் தலையெழுத்து. வாட்டும் குதிரைத்திறனும் அதற்குப் பிறகு வரட்டும்.

வரட்டும் என்றேன், வந்துவிட்டது. சீன மினி மில்லை 350 வாட் பொம்மை என்று எள்ளி நகையாடுகிறார். அதற்கு அடுத்த பத்தியிலேயே, அரைக் குதிரைத்திறன் உள்ள பெஞ்ச் டிரில் எதற்கும் ஈடுகொடுக்கும் என்று உச்சி முகர்கிறார். ஒரு குதிரைத்திறன் 746 வாட். அரையென்றால் 373. ஆக, 350 வாட் என்றால் பொம்மை, 373 வாட் என்றால் பீமன். இடையிலுள்ள இருபத்து மூன்று வாட்டில்தான் நம் கட்டுரையாளரின் பொறியியல் முழுதும் குடியிருக்கிறது. வாட்டைக் குதிரையாக மாற்றி எழுதினால் இயந்திரத்துக்கு வீரம் வந்துவிடும் என்று நினைக்கிறவரிடம் என்ன பேச? நமக்குத் தேவைப்பட்டதோ முனையில் 50 வாட். இரண்டு மோட்டாரும் அதை மூச்சு வாங்காமல் தரும். அப்படியானால் இரண்டு இயந்திரங்களுக்கும் உள்ள வேறுபாடு மோட்டாரில் இல்லை என்பது எட்டாம் வகுப்புப் பையனுக்கும் விளங்குமே, இவருக்கு மட்டும் ஏன் விளங்கவில்லை?

மோட்டாரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எவ்வளவு மெதுவாகச் சுற்றும்? 25 மி.மீ. கட்டருக்கு எம்.எஸ்.ஸில் 320 சுற்றுக்கு மேல் கூடாது, 50 மி.மீ. ஃப்ளை கட்டருக்கு 160. மலிவு விலை பெஞ்ச் டிரில் பலவற்றில் பெல்ட்டைக் கடைசிப் புல்லியில் போட்டாலும் 500க்குக் கீழே இறங்காது. கட்டர் வெட்டாது, தேய்க்கும், தேய்த்துச் சிவக்கும், நீலம் பாயும், செத்துப்போகும். கட்டுரையில் அதிகபட்ச வேகம் மூன்று இடத்தில் வருகிறது. அடிவேகம் எங்குமே இல்லை.

அடுத்தது சக். எண்ட் மில்லை டிரில் சக்கில் மாட்டு என்று ஒரே வரியில் கடந்துபோகிறார். ஊசியில் நூல் கோப்பதைவிட அது எளிது என்கிற தோரணை. டிரில் சக் மூன்று தாடைகளால், மூன்று மெல்லிய கோடுகளில்தான் தண்டைப் பிடிக்கிறது. கெட்டிப்படுத்திய எண்ட் மில் தண்டு அதில் வழுக்கும். கட்டரின் சுருள் பற்கள் அதைக் கீழே இழுக்கும், 1 மி.மீ. என்று தொடங்கிய ஆழம் கோட்டின் முடிவில் எங்கே போய் நிற்கும் என்பது ஜோசியருக்கே வெளிச்சம். இதைக்கூட மன்னிக்கலாம். சக் எதில் உட்கார்ந்திருக்கிறது? பி-16 அல்லது ஜேக்கப்ஸ் டேப்பர் எனும் குட்டையான கூம்பில், வெறும் உராய்வின் தயவில். அந்த ஆர்பரின் மறுமுனை ஸ்பிண்டிலுக்குள் மோர்ஸ் டேப்பரில், அதுவும் உராய்வின் தயவில். இருபதுக்கு ஒன்று என்கிற அளவில் சரியும் அந்தக் கூம்பு, மேல்நோக்கி அழுத்தினால் இறுகும். பக்கவாட்டில் அதிரவிட்டால் நெகிழும். அதனால்தான் மில்லில் ஸ்பிண்டிலின் உச்சியிலிருந்து டிராபார் என்ற நீண்ட போல்ட்டு இறங்கிவந்து டேப்பரை மேலே இழுத்துக் கட்டுகிறது. மில்லிங்கின்போது சக்கோடு கட்டர் கழன்று மேஜைமேல் துள்ளி விழுவதைப் பார்த்தவர்கள் டிராபாரின் அருமையை மறப்பதில்லை. கட்டுரையாளர் டிராபார் என்ற சொல்லையே எழுதவில்லை. அவருக்குத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க முடியாது என்று மட்டும் சொல்வேன்.

இதற்கிடையில் வரலாற்றுக்குள்ளும் தலையை நீட்டுகிறார். இங்கிலாந்துப் பொழுதுபோக்குக்காரர்கள் வெறும் டிரில்லையும் அரத்தையும் வைத்துக்கொண்டு ஓடுகிற நீராவி எஞ்சின்களைச் செய்தார்களாம். நமக்கு மட்டும் மில் கேட்கிறதாம். நல்ல சாட்சி. வேலிக்கு ஓணான் என்பார்களே, அந்த ரகம். பெர்சிவல் மார்ஷல் 1898இல் தொடங்கிய 'மாடல் எஞ்சினியர்' இதழின் பழைய தொகுதிகளைப் புரட்டியவர் யாரும் இதை எழுதமாட்டார். அந்த இதழில் 1920களிலிருந்து எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் குட்டி ரயில் எஞ்சின் செய்யச் சொல்லிக்கொடுத்த மனிதரின் வாசகர்களில் பெரும்பாலோரிடம் மில் இல்லை என்பது உண்மை. ஆனால் அவர்கள் எதில் மில்லிங் செய்தார்கள்? லேத்தில். கட்டரை லேத்தின் ஸ்பிண்டிலில் மாட்டி, வேலைப் பொருளை வெர்டிகல் ஸ்லைடு என்ற, மேலும் கீழும் நகரும் துணைக்கருவியில் பூட்டி, கிராஸ் ஸ்லைடை நகர்த்தி வெட்டினார்கள். 1946இல் வந்த மைஃபோர்டு எம்.எல்.-7 லேத்துக்கு அந்த ஸ்லைடு இயல்பான துணை. ஏன் லேத்து, ஏன் டிரில் இல்லை? லேத்து ஸ்பிண்டில் பிறந்ததே பக்கவாட்டு விசையைத் தாங்க. கடைசல் உளி வேறெப்படித் தள்ளும்? பணமில்லாத அந்த வெள்ளைக்காரத் தச்சனுக்கும் ரயில்வே குமாஸ்தாவுக்கும் இருந்த இயந்திர ஞானம் நம்மவருக்கு வாய்க்கவில்லை. வாய்க்காததோடு நில்லாமல் அவர்களையே தமக்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறார். லேத்து வைத்திருப்பவர் மில் வாங்கும்வரை ஒரு வெர்டிகல் ஸ்லைடு வாங்கலாம் என்று இவர் எழுதியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். அந்த ஒரு உருப்படியான யோசனை மட்டும் ஆறு பக்கத்தில் இடம் கிடைக்காமல் போய்விட்டது.

சீன மில்லுக்கு வருகிறேன். ஷாங்காயின் சீக் நிறுவனம் செய்து, உலகெங்கும் பத்துப் பெயர்களில், பத்து வண்ணங்களில் விற்கும் எக்ஸ்-2 ரக மினி மில்லைத்தான் அவர் பெயர் சொல்லாமல் திட்டுகிறார் என்பது பிளாஸ்டிக் பல்சக்கரப் பேச்சிலிருந்து தெரிகிறது. அந்தச் சக்கரம் உடையும், உண்மை. கட்டர் எங்காவது சிக்கிக்கொண்டால் உடைகிறது. அது உடைவதால் மோட்டாரும் ஸ்பிண்டிலும் பிழைக்கின்றன. ஃபியூஸ் போனதற்காக யாராவது மின்சாரத்தையே பழிப்பார்களா? சக்கரத்தை மாற்றலாம், அலுத்துப்போனால் பெல்ட் டிரைவாக மாற்றிக்கொள்ளும் கிட்டுகள் பல ஆண்டுகளாகக் கிடைக்கின்றன. பின்னால் வந்த ரகங்களில் பிரஷ் இல்லாத மோட்டாரும் பெல்ட்டுமாகவே வருகிறது.

எக்ஸ்-2ஐத் திட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. திட்டத் தெரிந்து திட்ட வேண்டும் என்கிறேன். அதன் உண்மையான நோய் தூணின் அடியில் இருக்கிறது. சாய்வாக வெட்ட வசதியென்று தூணை இடம் வலமாகச் சாயும்படி செய்து, அந்தக் கனத்தை முழுதும் ஒரே ஒரு பெரிய நட்டில் தாங்கவிட்டிருக்கிறார்கள். சாய்த்து வெட்டுகிறவர் ஆயிரத்தில் ஒருவர்; அந்த வசதிக்காக மற்றவர் அத்தனை பேரும் ஒவ்வொரு வெட்டிலும் விறைப்பை இழக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் பின்பக்கம் தடித்த தகடு வைத்து இறுக்கிக்கொள்கிறார்கள், அல்லது சாயாத தூண் உள்ள ரகத்தைத் தேடிப் போகிறார்கள். ஸ்பிண்டிலிலும் சாதாரண ஆழ்காடிப் பந்து பேரிங்குகளைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டையும் அச்சையும் சேர்த்துத் தாங்கும் ஆங்குலர் காண்டாக்ட் பேரிங்குகளைப் போடுகிறவர்கள் உண்டு. எதிரியின் வீட்டில் இவ்வளவு பெரிய ஓட்டை இருக்க, அதைத் தாண்டிப் போய் வாசல் கோலத்தில் பிழை கண்டுபிடித்துவிட்டு வந்திருக்கிறார் இவர். எதிர்ப்பதற்கும் கொஞ்சம் தகுதி வேண்டியிருக்கிறது, என்ன செய்ய!

இன்னும் ஒரு வேடிக்கை. உருண்டைத் தூண் வைத்த மில்-டிரில் இரண்டு உலகிலும் சிறந்தது என்று போகிற போக்கில் ஒரு சான்றிதழ் வழங்குகிறார். தைவானின் ராங் ஃபூ ஆர்.எஃப்.-31 முதல் அதன் எண்ணற்ற நகல்கள்வரை அந்த வடிவத்துக்குத் தீராத ஒரு சாபம் உண்டு. நீளமான பிட்டுக்கு மாறத் தலையைத் தூணில் உயர்த்தினால் தலை திரும்பிவிடும். அரை மணி நேரம் செலவழித்துக் கண்டுபிடித்த மையம் காற்றோடு போகும். அதற்காகவே அடுத்து வந்த ஆர்.எஃப்.-45 ரகத்தில் உருண்டையை விட்டுவிட்டுப் புறாவால் காடி வெட்டிய சதுரத் தூணுக்குப் போனார்கள். செய்தவர்களே திருந்திக்கொண்ட பிழையை நம்மவர் புதிதாகப் பரிந்துரைக்கிறார்.

இனி அந்த எச்.எம்.டி. யோசனை. பிஞ்சோரில் எச்.எம்.டி. செய்த மில்களின் மேல் எனக்கு உள்ள மரியாதை யாருக்கும் குறைந்ததல்ல. ஆனால் அது டன் கணக்கில் எடையுள்ள தொழிற்சாலை இயந்திரம். 415 வோல்ட் மும்முனை மின்சாரம் கேட்கும். வீட்டில் ஒருமுனை இணைப்பு மட்டும் இருந்தால் அதை மும்முனையாக மாற்றித் தரும் வி.எஃப்.டி. வைத்துச் சமாளிக்கலாம்தான், ஆனால் முதல் மாடி அறையின் தரையை எந்த வி.எஃப்.டி. தாங்கிப் பிடிக்கும்? முப்பது வருஷம் மூன்று ஷிஃப்ட் ஓடித் தேய்ந்த படுக்கையை யார் சுரண்டி நேராக்கித் தருவார்கள்? பழைய இரும்பு விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பழைய இரும்பாகவே இருக்கும் என்பதைக் கடைக்காரர் அறிவார், கட்டுரையாளர் அறியமாட்டார். இதெல்லாம் கிடக்கட்டும். முதல் பக்கத்தில் வீட்டுக்காரனுக்கு ஐம்பது கிலோ எடையுள்ள மில்கூட ஆடம்பரம் என்று சொன்னவர், நான்காம் பக்கத்தில் அவன் தலையில் டன் கணக்கில் ஏற்றி வைக்கிறாரே, இரண்டில் எது அவருடைய சித்தாந்தம், எது பூர்வபட்சம்? இரண்டையும் அவரே எழுதிவிட்டதால் மறுப்பவனுக்கு வேலை பாதியாகக் குறைந்துவிட்டது, அதற்கு நன்றி.

அந்த இரண்டு யோசனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மர்மம் விலகும். ஒன்று, டிரில்லை வைத்துச் சமாளி. மற்றது, நிஜ மில் வேண்டுமென்றால் நிஜத் தொழிற்சாலைக்காரன் ஆகு. நடுவில், தன் மேஜைமேல் தன் அளவுக்கு ஒரு சரியான மில்லை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கடிகாரத் தட்டையோ, பழைய மோட்டார் சைக்கிளுக்குக் கிடைக்காமல் போன ஒரு பிராக்கெட்டையோ, தொலைநோக்கிக்கு ஒரு மவுண்ட்டையோ நூறில் ஒரு மில்லிமீட்டர் சுத்தமாகச் செய்ய நினைக்கிற மனிதருக்கு இவர் உலகத்தில் இடமே இல்லை. ஏனென்றால் அந்த மனிதரை இவர் மதிக்கவில்லை. பொழுதுபோக்குக்கு இது போதாதா என்ற கேள்வியின் உள்ளர்த்தம் அதுதான். சம்பளத்துக்கு வெட்டினால்தான் வெட்டு. ஆசைக்கு வெட்டுகிறவனுக்குக் கோணல் காடியே போதும். வீணை பழகுகிறவர் கச்சேரி செய்யப்போவதில்லை என்பதற்காகச் சுருதி சேராத வீணையைக் கொடுக்கிற வாத்தியாரை நாம் என்னவென்று சொல்வோம்? உண்மையில் தவறான கருவியின் தண்டனை முழுதும் விழுவது பழகுகிறவர் தலையில்தான். முப்பது வருஷம் ஷாப் ஃப்ளோரில் நின்ற மெஷினிஸ்ட் ஆட்டம் கண்ட இயந்திரத்தையும் காதால் கேட்டே ஓட்டிவிடுவார். புதியவர் காடி கோணினால் தன் கைதான் கோணல் என்று நம்பி, மூன்று மாதத்தில் பட்டறையை மூடிவிட்டு, டிரில்மேல் துணி போர்த்திவிடுவார். அப்படிப் போர்த்திய துணிகளுக்குப் பின்னால் இத்தகைய கட்டுரைகள் இருக்கின்றன.

இவருடைய உள்நோக்கம் என்ன என்று கேட்கிறார்கள். கமிஷன் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். அதற்குக்கூடக் கொஞ்சம் வியாபார சாமர்த்தியம் வேண்டும். காரணம் அதைவிட எளிது. கட்டுரையோடு வந்த படத்தில் அவருடைய டிரில்லும் அதன்மேல் பூட்டிய கிராஸ் வைஸும் பளபளக்கின்றன. வைஸின் தாடையில் ஒரு கீறல் இல்லை, மேஜையில் ஒரு சுருள் சீவல் இல்லை. வாங்கிவிட்டார். வாங்கியதற்கு நியாயம் தேடுகிறார். அந்த நியாயம் ஊரே அதையே வாங்கினால்தான் முழுமையாகும்.

டிரில்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்கு இவர் செய்த அநீதிதான் பெரிது. நல்ல பெஞ்ச் டிரில் மில் வைத்திருப்பவர் வீட்டிலும் வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு துளைக்கும் மில்லின் அமைப்பைக் கலைக்க யாருக்கு மனசு வரும்? வாங்கப் போகும்போது குதிரைத்திறன் தகட்டைப் பார்க்காமல் விட்டுவிட்டு, பையில் ஒரு டயல் கேஜும் ஒரு நேரான எஃகுத் தண்டும் கொண்டுபோங்கள். தண்டைச் சக்கில் பிடித்துக் கையால் சுற்றிப் பாருங்கள். கேஜ் ஊசி எவ்வளவு துள்ளுகிறது என்று தெரியும். குவிலை முழுசும் கீழே இறக்கி இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். மேஜையின் ஓரத்தை அமுக்கி ஊசியைப் பாருங்கள். அடிவேகம் என்ன என்று கேளுங்கள். மில் என்றால் தூணைத் தோளால் தள்ளிப் பாருங்கள். சதுரத் தூணா, சாயாத தூணா, டிராபார் உண்டா, டேப்பர் ஆர்-8ஓ மோர்ஸ் 3ஓ, அதற்குக் கட்டரைப் பிடிக்கும் காலெட் ஊரில் கிடைக்குமா என்று கேளுங்கள். பித்தளையும் அலுமினியமுமாகக் கடிகார அளவில் வேலை என்றால் அமெரிக்க ஷெர்லைன், டெய்க் போன்ற குட்டி மில்களே தாராளம். எஃகில் அன்றாட வேலை என்றால் 150 கிலோவைத் தாண்டிய ரகங்களைப் பாருங்கள். கையிலிருக்கும் பணத்தை முழுசும் இயந்திரத்திலேயே போடாதீர்கள். நல்ல வைஸ், காலெட், கட்டர், அளவு கருவி என்று அதே அளவு இன்னொரு முறை கேட்கும். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை இருக்கிறது. கட்டுரையாளர் சொல்லும் சோதனை என்ன? சுவிட்சைப் போட்டுச் சத்தத்தைக் கேட்பது.

வாதத்தில் இவ்வளவு நம்பிக்கை உள்ளவர் சோதனைக்கு அஞ்சமாட்டார் என்று நினைக்கிறேன். 25 மி.மீ. சதுர எம்.எஸ். பட்டை, 100 மி.மீ. நீளம். தம்முடைய டிரில்லிலும் கிராஸ் வைஸிலும் அதன் நடுவே நீளவாக்கில் 10 மி.மீ. அகலம், 3 மி.மீ. ஆழத்தில் ஒரு காடி வெட்டட்டும். இரண்டு முனைகளிலும் நடுவிலும் அகலத்தையும் ஆழத்தையும் மைக்ரோமீட்டரால் அளந்து, அந்த ஆறு எண்களையும் அடுத்த இதழில் அச்சிடட்டும். சக் ஆர்பரைவிட்டு எத்தனையாவது மில்லிமீட்டரில் கழன்றது என்பதை ஏழாவது எண்ணாகச் சேர்த்துக்கொள்ளலாம். செருப்போடு நிற்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.